மலையடிவாரச் சாலையை அகலப்படுத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மலையடிவாரக் கிராமச் சாலைகளை இருவழிச் சாலைகளாக அகலப்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். ஆம்புலன்சும் பேருந்தும் தடையில்லாமல் போய்வர வேண்டும் என்ற கட்டுரையாளரின் அக்கறை நியாயமானது. ஆனால் போதிய பயன்பாடு இல்லாத சாலைகள் என்று அவற்றை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டுப் போனது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மணிக்கு நாலைந்து வண்டிகள் கடக்கும் சாலையைத் தேடித்தான் சைக்கிள்காரர்கள் அடிவாரத்துக்கு வருகிறோம். அங்கேயே குடியிருப்பவர்கள் பலருக்கும் அதுதான் வயலுக்கும் பள்ளிக்கும் போகிற வழி. நெடுங்காலமாக அப்படிப்பட்ட சாலைகளில் ஓட்டி வருகிறவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய அடிவாரச் சாலைகள் பெரும்பாலும் மாடும் குதிரையும் வண்டி இழுத்த காலத்தில் உருவானவை. பாரம் இழுக்கும் விலங்கு செங்குத்தில் ஏறாது. அதனால் ஓடைக்கரையை ஒட்டியும் குன்றைச் சுற்றியும் வளைந்து வளைந்து போய், உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவே எட்டும்படி அமைந்தன. நூறு மீட்டர் போனால் மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்து மீட்டர் ஏற்றம். மிதிக்கிற மனிதனுக்கும் இதே கணக்குதான் பொருந்துகிறது. சைக்கிளோடு சேர்த்து 85 கிலோ எடையுள்ள ஒருவர் 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போக, புவியீர்ப்பைச் சமாளிக்க மட்டும் ஏறக்குறைய 115 வாட் திறன் வேண்டும். 8 சதவீத ஏற்றத்தில் அதே வேகத்துக்கு 185 வாட் ஆகிவிடும். முதலாவதைப் பழக்கமுள்ள யாரும் மூச்சு வாங்கினாலும் தாக்குப்பிடிப்பார்கள். இரண்டாவது நன்றாகப் பயிற்சி செய்தவர்களுக்குத்தான் நெடுநேரம் தாங்கும். சாலையை அகலப்படுத்தும்போது வளைவுகளையும் சேர்த்து நேராக்குவது வழக்கம். தூரம் குறையும், உயரம் அப்படியே இருக்கும், ஏற்றம் கூடும். இன்ஜினுக்கு அது தெரியவே தெரியாது. முழங்காலுக்கு உடனே தெரியும்.

சைக்கிளில் கியர் பரவிய கதையும் இத்தகைய சாலைகளோடு பின்னியதுதான். பிரான்சில் செந்த் எத்தியென் நகரில் வாழ்ந்த போல் த விவி (1853–1930), வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர், ஊரைச் சுற்றியிருந்த மலைச்சாலைகளில் ஏறி இறங்கியே பல கியர்களின் பயனை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் டிரேய்லியர் கியரை, அதாவது சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கியரை, அனுமதித்தது 1937-ல், அவர் இறந்து ஏழாண்டுகளுக்குப் பிறகு. இன்று முன் பல்சக்கரத்திலும் பின் பல்சக்கரத்திலும் 34 பல் வைத்துக்கொண்டால் பெடலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் நகரும். அறுபதைத் தாண்டியவரும் இருக்கையை விட்டு எழாமல் அடிவார ஏற்றம் ஒன்றை முடித்துவிடலாம். இவ்வளவு எளிதாகிவிட்ட காலத்தில் சாலையை அவர்களிடமிருந்து பறிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அகலம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற வாதத்துக்கு வருகிறேன். ஏற்றத்தில் மெதுவாகப் போகும் சைக்கிள் கோடு போட்டாற்போல் போகாது. வேகம் குறையக் குறைய, விழாமல் இருக்கக் கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கும். ஆகவே முந்திச் செல்லும் வண்டி தள்ளிப் போவது ஏற்றத்தில்தான் மிக மிக அவசியம். பிரான்சில் ஊருக்கு வெளியே 1.5 மீட்டர், ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்கு வெளியே 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். ஒரே ஒரு வண்டி போகும் அகலமுள்ள ஒற்றை வழிச் சாலையில் இந்தச் சட்டத்தைப் பெரும்பாலும் சாலையே அமல்படுத்திவிடுகிறது: இடமில்லை என்பது பளிச்சென்று தெரிவதால் ஓட்டுநர் பின்னால் பொறுத்து வருகிறார், அகலமான இடம் பார்த்துக் கடக்கிறார். அதையே ஒன்றரை வண்டி அகலத்துக்கு விரித்துவிட்டால், எப்படியும் நுழைந்துவிடலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தோளை உரசிக்கொண்டு வண்டி போவது அப்படிப்பட்ட அரைகுறை அகலச் சாலைகளில்தான். என் அனுபவத்தில் அதைவிட ஆபத்தான அகலம் வேறு இல்லை.

வேகமும் சேர்ந்து ஏறும். 60 கி.மீ. வேகத்தில் வரும் ஓட்டுநர் எதிரே ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி எடுத்துக்கொண்டாலும் அதற்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் வந்துவிடும். 30 கி.மீ. என்றால் அதில் பாதி. பாறை மறைக்கும் வளைவில் இந்த எட்டு மீட்டர்தான் உயிர். இன்னொன்று, சாலையை விரித்தால் இருக்கும் வண்டிகள் வசதியாகப் போகும், அவ்வளவுதான் என்று நினைப்பது தவறு. புதிய சாலை புதிய போக்குவரத்தை இழுத்து வரும் என்பதை பிரிட்டன் அரசின் நிபுணர் குழு 1994-லேயே ஆராய்ந்து ஒப்புக்கொண்டது. இப்போது செல்போன் வழிகாட்டிச் செயலிகளும் இருக்கின்றன. சில நிமிடம் மிச்சமானாலும் நெடுஞ்சாலை நெரிசலை அப்படியே அடிவாரக் கிராமத்துக்குள் திருப்பிவிடும்.

ஆம்புலன்சுக்கு என்ன வழி என்று கேட்கலாம். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் ஒற்றை வழிச் சாலைகள் இன்றும் இருக்கின்றன. வழி நெடுகிலும் வண்டி ஒதுங்கி நிற்க இடம் அமைத்து, அடையாளப் பலகையும் வைத்திருக்கிறார்கள். ஓர் ஒதுங்குமிடத்திலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளும் திணற வேண்டியதில்லை. மரங்களை வெட்டி முழு நீளத்துக்கும் தார் போடுவதைவிட இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆல்ப்ஸ் மலைக்கணவாய்கள் சிலவற்றில் கோடையில் குறிப்பிட்ட சில நாட்களில் சில மணி நேரம் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாலையைச் சைக்கிள்களுக்கே விடுகிறார்கள். அடுத்த கிலோமீட்டரில் ஏற்றம் எத்தனை சதவீதம் என்று சொல்லும் கற்களும் அங்கே உண்டு. களைத்துப் போனவனுக்கு அந்த ஓர் எண் எவ்வளவு ஆறுதல் என்பதை ஏறிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

பணம் ஒதுக்குவதென்றால் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். பழைய தாரின் மேலேயே மறுபடி மறுபடி தார் போடுவதால் சாலையின் விளிம்பு ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. ஓரத்து மண்ணை யாரும் நிரப்புவதில்லை. பின்னால் ஹாரன் அடித்ததும் பதறி ஒதுங்குகிறவரின் முன்சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கிவிட்டால், திரும்பி ஏற முயலும்போது டயர் விளிம்பில் உரசிக்கொண்டே போகும், ஏறாது. கைப்பிடி திரும்ப மறுக்கும். ஆள் சாலையின் நடுப்பக்கமாக, வண்டி வருகிற பக்கமாகச் சாய்வார். இதைத் தடுக்க ஓரத்தில் மண்ணும் சரளையும் கொட்டிச் சரிவாக இறுக்கினால் போதும். மழை ஓய்ந்ததும் ஓடைகள் அடித்து வரும் சரளைக்கல் வளைவுகளில் தங்கிவிடும். இறக்கத்தில் சாய்ந்து திரும்புகிற சைக்கிளுக்கு அந்த ஒரு பிடி கல்லே எமன். ஒரு துடைப்பமும் ஓர் ஆளும் இருந்தால் தீரும் வேலை. வடிகால் மூடியின் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் மெல்லிய டயர் அதற்குள் சிக்கிக்கொள்ளும். குறுக்கே திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. பயன்பாடு குறைவு என்ற முடிவு எந்தக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது என்பதைக் கட்டுரையாளரிடம் கேட்டு வெளியிடுங்கள். மோட்டார் வண்டிகளை எண்ணச் சாலையின் குறுக்கே போடும் ரப்பர் குழாய்க் கருவிகள் சைக்கிளைத் தவறவிடுவதுண்டு. நடந்து போகிறவர்கள் அவற்றின் கணக்கிலேயே வரமாட்டார்கள். விடியற்காலையிலும் பள்ளி தொடங்கும், விடும் நேரங்களிலும் ஆள் நிறுத்தி எண்ணிய பிறகு அந்தச் சாலைகளைப் பற்றி முடிவெடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்