நெல்லைச் சீமையின் ஊர் வாட்ஸ்அப் குழு அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் தம்பிமார்களுக்கும், எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் குழு நடத்துகிற அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா நகல் எடுக்க வருகிறவர்களைவிட, "வாட்ஸ்அப்பில் ஒண்ணு வந்திருக்கு, பிரிண்ட் போட்டுத் தா" என்று போனை நீட்டுகிறவர்கள்தான் இப்போது அதிகம். படிக்கத் தெரியாத பெரியவர்கள், என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டவும் சொல்வார்கள். ஆகவே உங்கள் குழுக்களில் என்ன ஓடுகிறது என்பது பெரும்பாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

சமூக ஊடகம் நல்லதா கெட்டதா என்று பள்ளி ஆண்டு விழாக்களில் பட்டிமன்றம் வைக்கிறார்கள். வைக்கட்டும். நம் பக்கத்து ஊர்களில் சமூக ஊடகம் என்றால் முக்கால்வாசி வாட்ஸ்அப் குழுதான். குழு என்றால் நீங்கள்தான். கலிஃபோர்னியாவில் இருக்கிற கம்பெனிக்கு நான் எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. கோயில் கொடைக்கு வரி பிரிக்கும்போதும் சாவு விழுந்த துட்டி வீட்டிலும் தினம் பார்க்கிற முகங்கள் நீங்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. அணைகளில் திறந்த தண்ணீரும் காட்டாற்றுத் தண்ணீரும் சேர்ந்து வந்து, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் ஆறாக ஓடியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுபோக, பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சோறு பொங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அந்த ராத்திரி எங்கள் ஊர்க் குழுவின் அட்மின் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் டிராக்டர் மெக்கானிக். கரண்ட் போனதும் பட்டறையில் நின்ற டிராக்டரின் பேட்டரியில் வயர் இழுத்து, வருகிறவர்களின் போனுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். குழுவில் ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்ததும், அட்மின் மட்டுமே செய்தி போட முடியும் என்று மாற்றிவிட்டார். "யாருக்கு என்ன வேணுமோ எனக்குத் தனியா அனுப்புங்க" என்றார். வந்ததையெல்லாம் சேர்த்து ஒரே செய்தியாக எழுதினார்: எந்தத் தெரு, மாடியில் எத்தனை பேர், யாருக்கு இன்சுலின், எந்த வீட்டில் கைக்குழந்தை. கடைசியில் மணி. ஆள் மீட்கப்பட்டதும் அந்த வரிக்கு நேரே ஒரு டிக். சிக்னல் வந்துவந்து போன அந்த இரவில், தாராவியிலும் சவூதியிலும் சென்னை மளிகைக் கடைகளிலும் இருந்த நம் ஆட்கள் அந்த ஒரு செய்தியைப் பார்த்துத்தான் மூச்சு விட்டார்கள்.

நடுச்சாமத்தில் ஒருவர் "அணை உடைஞ்சிட்டு, எல்லாரும் ஓடுங்க" என்று எங்கிருந்தோ வந்த ஆடியோவை அவருக்கு அனுப்பினார். அதே ஆடியோ மற்றக் குழுக்களில் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. இவர் அதைப் போடவில்லை. தெரிந்த பி.டபிள்யூ.டி. ஆள் ஒருவருக்குப் போன் கிடைக்கிற வரை முயன்று, கேட்டுவிட்டு, "அணை உடையல. கேட்டாச்சு. இருக்கிற இடத்துலயே இருங்க" என்று எழுதினார். அந்த இருட்டில் வயசாளிகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஊர்க் குழு என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அதில் ஊர் முழுக்க இருப்பதில்லை. மேலத் தெருவுக்கு ஒன்று, கீழத் தெருவுக்கு ஒன்று, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒன்று. ஏன் அப்படி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு மறுநாள் காலையில் அவர் மூன்று தெரு அட்மின்களையும் கூப்பிட்டுப் பேசி, எல்லாரையும் ஒரே குழுவில் சேர்த்தார். படகு எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்பதை அந்தக் குழுவே முடிவு செய்தது. அதில் ஒரு சண்டை வரவில்லை.

தண்ணீர் வடிந்தது. 6,000 ரூபாய் நிவாரணத்துக்கு டோக்கன் எங்கே கொடுக்கிறார்கள் என்பது வரைக்கும் அந்தக் குழு ஓடியது. பொங்கல் கழிந்ததும் 'வெளியேறினார்', 'வெளியேறினார்' என்று வரிசையாக வர ஆரம்பித்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. அவரவர் தெருக் குழுவுக்குத் திரும்பிப் போனார்கள், அவ்வளவுதான். வெள்ளத்தில் போன சாமான்களைவிட இது எனக்கு அதிக வருத்தம்.

ஏனென்றால் அந்த வெள்ளத்துக்கு நாலு மாதம் முன்னால்தான், 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அரசு நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதி காட்டும் அடையாளங்களைப் பள்ளிக்குள் தடை செய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை சொன்னது. சரி, பள்ளிக்கூட வாசலில் வாத்தியார் கயிற்றை அவிழ்த்துவிடுவார். அதே நிறம் உங்கள் குழுவின் டிபியில் இருக்கிறதே? அதை மாற்ற வாத்தியாரால் முடியாது. உங்களால்தான் முடியும்.

போன வருஷம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்காக இரண்டு பிளஸ் ஒன் பையன்கள் தள்ளிக்கொண்டார்கள். பின் சீட்டிலிருந்து ஒருவன் வீடியோ எடுத்தான். கால் நிமிஷம்கூட இல்லை. அது ஒரு தெருக் குழுவுக்குப் போனது. அங்கே யாரோ, "நம்ம பையன் மேல கைய வச்சிட்டானுவ" என்று ஒரு வரி சேர்த்தார்கள். வீடியோவில் யார் யாரை முதலில் தள்ளினார்கள் என்பதே தெரியாது. அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. மும்பைக்குப் போய், அங்கிருந்து கோபமான ஆடியோக்களைச் சேர்த்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்பி வந்தது.

அந்தச் சாயங்காலம் ஒரு அம்மா என் கடைக்கு வந்தார். கண்ணாடி கீறல் விழுந்த போன். மும்பையில் இருக்கிற தம்பி அந்த வீடியோவை அவருக்கு அனுப்பியிருந்தார். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, இதுல இருக்கது எம் பையனான்னு பெருசாக்கிப் பார்த்துச் சொல்லு" என்றார். கம்ப்யூட்டரில் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். சட்டைக் கையில் இருந்த தையலை வைத்து அவரே கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை; பையனை அன்றைக்கே தன் அக்கா ஊருக்கு அனுப்பிவிட்டார். ராத்திரி பைக்குகள் வந்தன. போலீஸும் வந்ததால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு பையன்களும் அடுத்த ஸ்டாப்பிலேயே சமாதானமாகி ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள் என்று பிற்பாடு கண்டக்டர் சொன்னார். ஒருவனுக்குப் பரீட்சை போய்விட்டது.

அந்தக் குழுவின் அட்மினிடம் கேட்டபோது, "நான் போடலையே அண்ணாச்சி. வந்தது, கிடந்தது" என்றார். உங்களில் பலரும் இதையேதான் சொல்வீர்கள். சட்டமும் ஓரளவு உங்கள் பக்கம்தான். அட்மினாக மட்டும் இருந்து வேறெதுவும் செய்யாதவரை, இன்னொருவர் போட்ட பதிவுக்காக வழக்கில் இழுக்கக் கூடாது என்ற கருத்தில் 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அது நியாயமான உத்தரவு என்றே நானும் நினைக்கிறேன். உடந்தையாக இருந்தால் கதை வேறு. பிரிவினருக்கிடையே பகை மூட்டினால், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் நான் உங்களிடம் வழக்கைக் காட்டிப் பேச வரவில்லை. டிராக்டர் மெக்கானிக் எந்தச் சட்டத்துக்குப் பயந்து ராத்திரி முழுக்க விழித்திருந்தார்?

அவரிடம் இருந்த கருவிகள் உங்கள் எல்லாரிடமும் இருக்கின்றன. அட்மின் மட்டும் பேசும் வசதி 2018-லேயே வந்துவிட்டது. யார் போட்ட செய்தியையும் எல்லார் போனிலிருந்தும் நீக்கும் அதிகாரம் அட்மினுக்கு 2022-ல் கிடைத்தது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். நம் பஞ்சாயத்துத் தலைவர்கள் பலருக்கே ஒரே நேரத்தில் அத்தனை பேரிடம் பேசும் வாய்ப்பு கிடையாது. அந்த பஸ் வீடியோவை அழுத்திப் பிடித்து 'நீக்கு' என்று தொடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்த முதல் அரை மணி நேரத்தில் நீக்கியிருந்தால் அந்த வரி மும்பைக்கே போயிருக்காது.

கொஞ்சம் தடுத்தாலும் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மாவைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றார்கள். அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வதந்திதான் காரணம். நாடு முழுக்க இப்படிச் சாவுகள் விழுந்த பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்றாக்கினார்கள். அதன்பின் அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அந்தக் கம்பெனியே சொன்னது. ஒரு சின்ன இடைஞ்சல்தான். அது பலரை யோசிக்க வைத்திருக்கிறது. ரெட்டை அம்புக்குறியோடு வருகிற செய்தி என்றால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். எழுதியவர் யார் என்று உங்களுக்கு அனுப்பியவருக்கே தெரியாது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பாவம், எத்தனை பேர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள்.

பையன்கள் இன்ஸ்டாகிராமில் போடும் அரிவாள் ரீல்ஸ் உங்கள் கைக்குள் இல்லை, அது எனக்குத் தெரியும். 2025 ஜூலையில் பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் ஒரு மென்பொருள் பொறியாளர் சாதியின் பேரால் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, கைதானவரைப் புகழ்ந்து பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டிய வீடியோக்களை என் கடைக்கு வந்த பையன்களின் போனிலேயே பார்த்தேன். ஒருவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. ஆனால் அந்த வீடியோ ஊர்க் குழுவில் வந்து விழும்போது, மாமாவும் பெரியப்பாவும் அதற்குக் கைதட்டல் படம் போடுகிறார்கள். அவன் அதைத்தான் எண்ணிப் பார்க்கிறான். இன்ஸ்டாகிராமில் யாரோ போடும் லைக்கைவிடப் பெரியப்பாவின் கைதட்டல் அவனுக்குப் பெரிது. பெரியப்பாவுக்கு ஒரு போன் போட்டு, "வேண்டாம் பெரியப்பா" என்று சொல்ல உங்களால் முடியும். போலீஸால் அது முடியாது.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் வேண்டும் என்று செய்தி போடும்போது தேதி போடச் சொல்லுங்கள், கிடைத்ததும் நீக்கிவிடுங்கள். பல வருஷத்துக்கு முன்னால் குணமாகி வீட்டுக்குப் போனவருக்கு இன்னும் ரத்தம் கேட்டுச் செய்தி சுற்றுகிறது. உண்மையிலேயே தேவைப்படுகிறவரின் செய்தியை அதனால் யாரும் நம்புவதில்லை. அப்புறம், பெண் பிள்ளைகள் பெரிய மனுஷியானதற்கு நடத்தும் சடங்கு வீட்டு போட்டோக்கள். அந்தப் பிள்ளையைக் கேட்காமல், முகம் தெரியாத பல நூறு பேர் இருக்கிற குழுவில் போடுகிறீர்கள். அந்தப் படம் யார் போனில் போய் உட்காரும், என்னவாக மாறும் என்று உங்களுக்குத் தெரியாது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

நான் கேட்பது இதைத்தான். ஒவ்வொரு ஊரிலும் எல்லாத் தெரு அட்மின்களின் நம்பரும் எல்லாத் தெரு அட்மின்களிடமும் இருக்க வேண்டும். ஒரு அடிதடி வீடியோ வந்தால், குழுவில் விடுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்து அட்மினுக்கு ஒரு போன் போட்டு, "இது என்னப்பா, உண்மையா?" என்று கேட்க வேண்டும். வெள்ளத்தின்போது அமைத்த பொதுக் குழு உங்கள் ஊரில் பெயருக்காவது கிடந்தால் அதை அழிக்காதீர்கள். வெளியேறியவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள். குடிதண்ணீர் வராத அன்றைக்கும் பஸ் நிற்காத அன்றைக்கும் எல்லாத் தெருவுக்கும் ஒரே கஷ்டம்தானே. அதையாவது அங்கே பேசுங்கள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் இதைச் செய்தால் நல்லது. எங்கள் ஊரின் மூன்று அட்மின்களிடமும் பேசிவிட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள், மூன்றாமவர் தெருப் பெரியவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். மற்ற ஊர்க்காரர்கள் நம்பர்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால், எல்லாருக்கும் தனித்தனிப் பிரதி எடுத்துத் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரை ஜெராக்ஸ் கடைக்காரர்