மீதி எங்கே போயிற்று?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுச் சேவைகள் இணையத்துக்கு மாறுவதைப் பற்றிய ஆய்வுகளை உங்கள் நாளிதழ் அவ்வப்போது செய்தியாக வெளியிடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் செய்திகள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளோடு நின்றுவிடுகின்றன. பயனாளர்களில் பெரும்பாலோர் திருப்தி தெரிவித்தார்கள், காகிதம் மிச்சமாயிற்று. பணிக்காலம் முழுவதும் ஒளியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்படிப்பட்ட செய்தியைப் படித்தால் உடனே ஆய்வுக்கூடப் புத்தி வந்துவிடும். உள்ளே போனது எவ்வளவு? வெளியே வந்தது எவ்வளவு? மீதி எங்கே போயிற்று? செய்முறைத் தேர்வில் மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதாத மாணவருக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை.

என் தம்பி மகள் பொது நிர்வாகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். "அத்தை, இந்தக் கணக்கை மட்டும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்று ஒரு கட்டு ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டுவந்து வைத்தாள். கணக்கை மட்டும் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. முழுவதையும் படித்தேன். பல கட்டுரைகளுக்கு அடித்தளம் இரண்டு கோட்பாட்டு மாதிரிகளில் ஒன்றுதான். ஒரு தொழில்நுட்பம் பயனுள்ளது, எளிதானது என்று மக்கள் நினைத்தால் அதை ஏற்பார்கள் என்று டேவிஸ் 1989-இல் முன்வைத்த மாதிரி, தகவல் அமைப்பின் வெற்றியை அளக்க டிலோனும் மெக்லீனும் 1992-இல் வகுத்து 2003-இல் திருத்திய மாதிரி, இரண்டில் ஒன்று. அதன்மேல் ஒரு வினாத்தாள். "முற்றிலும் உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து கட்டங்கள். அப்புறம் புள்ளியியல். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, சொல்லப்போனால் அழகாகவே செய்திருக்கிறார்கள்.

என் சந்தேகம் வேறு இடத்தில். அந்த வினாத்தாளை யாரிடம் கொடுத்தார்கள்? பல கட்டுரைகளில் சேவையைப் பயன்படுத்தியவர்களிடம். அதாவது படிவத்தை நிரப்பி, ஆவணத்தைப் பதிவேற்றி, கைப்பேசிக்கு வந்த குறியீட்டைப் போட்டு, ஒப்புகைச் சீட்டு வரை வந்து சேர்ந்தவர்களிடம். கேள்வியையும் இணையத்திலேயே கேட்டிருந்தால் இன்னும் மோசம். நடுவில் கைவிட்டுப் போனவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. கரையேறியவர்களிடம் மட்டும் ஆற்றின் ஆழத்தைக் கேட்டு என்ன பயன்?

ஐ.நா. 2001 முதல் நாடுகளின் மின் ஆளுமையை, அதாவது இணையவழி அரசு நிர்வாகத்தை, மதிப்பிட்டு வருகிறது. இணையச் சேவை, தொலைத்தொடர்புக் கட்டமைப்பு, மனித மூலதனம் என்று அதன் குறியீட்டுக்கு மூன்று பகுதிகள். இணையச் சேவைப் பகுதிக்கு, மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொரு நாட்டின் தளத்தையும் திறந்து, இன்னின்ன வசதி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தேவையான வேலை. ஆனால் விளக்கிலிருந்து எத்தனை லூமென் புறப்படுகிறது என்பது ஓர் அளவு, மேசைமேல் எத்தனை லக்ஸ் விழுகிறது என்பது வேறோர் அளவு. முதலாவதை வைத்து இரண்டாவதைச் சொல்ல முடியாது. வளரும் நாடுகளின் மின் ஆளுமைத் திட்டங்களில் 35 சதவீதம் முழுத் தோல்வி, 50 சதவீதம் பகுதித் தோல்வி, 15 சதவீதமே வெற்றி என்று ஆய்வாளர் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2003-இல் எழுதினார். அது ஒரு மதிப்பீடுதான், பழையதும்கூட. ஆனாலும் தோல்வியையும் ஒரு கட்டத்தில் போட்டு எண்ணிய நேர்மைக்காகவே அந்தக் கட்டுரை எனக்குப் பிடித்தது.

இனி என் துறைக்கு வருகிறேன். இந்தச் சேவைகள் எல்லாம் ஓடுவதே கண்ணாடி இழை வழியாகத்தான் என்பதால் இது சம்பந்தமில்லாத பேச்சு அல்ல. 1960-களில் கண்ணாடிக்குள் ஒளியை அனுப்பித் தொலைதூரம் பேசலாம் என்றபோது பலர் சிரித்தார்கள். அன்றைக்குக் கிடைத்த நல்ல கண்ணாடியிலேயே ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,000 டெசிபல் இழப்பு (ஒளி எத்தனை மடங்கு தேய்ந்தது என்று சொல்கிற அலகு டெசிபல்). 20 மீட்டர் போனாலே நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். கண்ணாடியின் குணமே அப்படி என்று விட்டுவிட்டார்கள். இயற்பியலாளர் சார்ல்ஸ் காவ் விடவில்லை. 1966-இல் சக ஆய்வாளர் ஹாக்கமுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், இந்த இழப்பு கண்ணாடியின் குணம் அல்ல, அதற்குள் கலந்திருக்கும் இரும்பு போன்ற மாசுகளின் வேலை என்றார். மாசை நீக்கிக் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கொண்டுவந்தால் போதும், தகவல் தொடர்புக்குப் பயன்படும் என்றார். 1970-இல் கார்னிங் நிறுவனத்தார் 17 டெசிபலுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். 1979-இல் ஜப்பானில் 0.2 வரை வந்தது. 20 டெசிபல் என்றால் ஒரு கிலோமீட்டரில் ஒளி நூற்றில் ஒரு பங்காகும். 0.2 என்றால் அதே தேய்மானத்துக்கு 100 கிலோமீட்டர் போக வேண்டும். காவுக்கு 2009-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அந்தப் பரிசு ஒரு பதிலுக்காக மட்டும் அல்ல, இழப்பு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்ததற்காகவும்தான் என்று நான் வகுப்பில் சொல்வேன். உலோக மாசு இவ்வளவு, கண்ணாடிக்குள் சிக்கிய நீரின் எச்சத்தால் 1,383 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் இவ்வளவு, கண்ணாடியின் நுண்ணமைப்பே ஒளியைச் சிதறடிப்பதால் எதைச் செய்தாலும் போகாத ராலே சிதறல் இவ்வளவு. இன்றும் ஓர் இழைத்தடம் போடுகிற பொறியாளர் முதலில் எழுதுவது இழப்புக் கணக்கைத்தான். இணைப்பிக்கு இவ்வளவு, ஒட்டுக்கு இவ்வளவு, வளைவுக்கு இவ்வளவு. தடம் பழுதானால் ஒரு முனையிலிருந்து ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வருகிற துளி வெளிச்சத்தின் நேரத்தைப் பார்ப்பார். 100 மைக்ரோநொடியில் திரும்பினால் கோளாறு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. முழுத் தடத்தையும் தோண்ட வேண்டாம்.

மின் சேவை, அதாவது இணையவழி அரசுச் சேவை, பற்றிய ஆய்வில் இந்தக் கணக்கு எங்கே? ஒரு சேவைக்கு ஏழு படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தாண்டிவிடுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஏழு படிக்கும் நல்ல மதிப்பெண். பெருக்கிப் பாருங்கள், கடைசியில் மிஞ்சுவது 48 பேர். பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டார்கள். அந்த 48 பேரிடம் கேட்டால் திருப்தி என்றுதான் சொல்வார்கள், அதில் பொய்யும் இல்லை.

உதிர்ந்தவர்களைப் பற்றிப் பேச நேர்ந்தால் கட்டுரைகளில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: விழிப்புணர்வுக் குறைபாடு. கண்ணாடியின் குணமே அப்படி என்ற பழைய பேச்சின் மறுவடிவம் இது. சேவை கேட்டு வருகிறவரின் அடையாளத்தைச் சரிபார்க்கிற கைரேகையை எடுத்துக்கொள்வோம், இதில் எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. ஒளிவகைக் கைரேகைக் கருவியில் பெரும்பாலும் ஒரு முப்பட்டகம் இருக்கும். உள்ளிருந்து வருகிற ஒளி அதன் மேற்பரப்பில் முழு அக எதிரொளிப்பு அடைந்து, அதாவது வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்பி, கேமராவுக்குப் போகும். விரலை வைத்ததும், ரேகையின் மேடு தொடுகிற இடத்தில் மட்டும் எதிரொளிப்பு கெடும், அங்கே இருட்டு. பள்ளத்தில் காற்று இருப்பதால் ஒளி வழக்கம்போல் திரும்பும், அங்கே வெளிச்சம். இதுதான் படம். இழைக்குள் ஒளியை ஓடவைக்கிற அதே விதி.

இப்போது வயதானவரின் வறண்ட விரலை வையுங்கள். தோலும் கண்ணாடியும் ஒட்டவேண்டிய அளவுக்கு ஒட்டாது, மேடு துண்டு துண்டாகத் தெரியும். ஈரக் கையை வையுங்கள், பள்ளமும் நிரம்பிப் படம் கறுத்துப்போகும். செங்கலும் சிமென்டும் பிடித்துத் தேய்ந்த கையில் மேடே சரியாக இல்லை. "துடைச்சிட்டு வைங்க, அழுத்தி வைங்க" என்று சொல்கிற ஊழியர் மேல் தப்பில்லை, விரலை நீட்டுகிறவர் மேலும் தப்பில்லை. கருவி போடுகிற நிபந்தனை அது. கூடவே, எந்த அளவு பொருந்தினால் ஏற்பது என்ற வரம்பை ஒருவர் குறித்திருக்கிறார். வரம்பைக் கடுமையாக்கினால் ஆள்மாறாட்டம் குறையும், உண்மையானவர் திருப்பி அனுப்பப்படுவது கூடும். தளர்த்தினால் நேர்மாறு. அந்த வரம்பு எங்கே என்பது நிர்வாக முடிவு. அதை விழிப்புணர்வு முகாம் நடத்தித் தீர்க்க முடியுமா? கருவிழிப் பதிவில் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டு அண்மை அகச்சிவப்பைப் பயன்படுத்துகிறார்கள். அடர்பழுப்புக் கண்ணில் நிறமி வெளிச்சத்தை விழுங்கி இழையமைப்பை மறைக்கும், அகச்சிவப்பில் அது தெளிவாகத் தெரியும். குறை கண்ணில் இல்லை, விளக்கில் இருக்கிறது என்று யாரோ யோசித்ததால் வந்த வசதி அது. மற்ற படிகளுக்கும் அப்படி யோசிக்கலாமே.

அடுத்தது சிக்கனம். காகிதம் மிச்சம் என்ற கணக்கை எந்த அலகில் போடுகிறார்கள்? ஒரு பொருளின் சுற்றுச்சூழல் சுமையைக் கணக்கிட ஐஎஸ்ஓ 14040 என்ற தரமுறை இருக்கிறது. செயல் அலகை முதலில் வரையறு என்கிறது அது. இங்கே அந்த அலகு "முடிந்த ஒரு சேவை" என்றுதான் இருக்க வேண்டும். திறக்கப்பட்ட பக்கம் அல்ல, தொடங்கப்பட்ட விண்ணப்பமும் அல்ல. பாதி வழியில் நின்ற விண்ணப்பங்களுக்கும் சர்வர் மின்சாரம் குடித்திருக்கிறது. ஆவணத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்கிற படிவங்களும் உண்டு. அங்கே காகிதம் மிச்சமாகவில்லை, அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு இடம் மாறியிருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1865-இலேயே பொருளியலாளர் ஜெவன்ஸ் சொன்னார், நீராவி இயந்திரம் சிக்கனமாக ஆக நிலக்கரிச் செலவு கூடத்தான் செய்யும் என்று. ஒளித்துறையில் இதைக் கண்ணாரக் காணலாம். பழைய இழைக் குமிழ்விளக்கு ஒரு வாட்டுக்கு 15 லூமென் அளவில் தந்தது, எல்இடி 100-ஐத் தாண்டிவிட்டது. நியாயமாகப் பார்த்தால் மின்செலவு சரிந்து, இரவும் பழையபடி இருந்திருக்க வேண்டும். ஆனால் 2012-க்கும் 2016-க்கும் இடையே பூமியில் இரவில் ஒளியூட்டப்பட்ட பரப்பு ஆண்டுக்கு 2.2 சதவீதம் வளர்ந்தது என்று செயற்கைக்கோள் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் 2017-இல் வெளியிட்டார்கள். மின் சேவையிலும் கேட்பதற்குச் செலவு குறைந்ததும் கேட்கிற ஆவணங்கள் கூடிவிடுகின்றனவா என்று ஒருவர் ஆராய்ந்தால் நான் ஆவலோடு படிப்பேன்.

மனிதர்கள் ஒளித்துகள்கள் அல்ல என்று தம்பி மகள் என்னிடம் வாதாடினாள். சரிதான். போன ஒளித்துகள் திரும்பாது, மனிதர் நாளைக்கு மறுபடி முயல்வார். ஒரே ஆள் நாலு தடவை முயன்றால் பதிவேடு நாலு பேர் என்று சொல்லும், இழப்பு பெரிதாகத் தெரியும். ஆளை அடையாளம் கண்டு எண்ணலாம் என்றால் அந்தரங்கம் கெடும். தகுதியில்லாதவர் தானாக விலகிப்போவதும் உண்டு, அதை இழப்பில் சேர்க்கக் கூடாது. தொடக்கத்திலேயே உள்ளே வராதவர் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார். அவரை வீடு தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும், அது செலவு பிடிக்கும் வேலை. இத்தனைக்கும் பிறகு, எந்தப் படியில் எத்தனை பேர் நின்றார்கள் என்ற மொத்த எண்களை ஆள் பெயர் இல்லாமல் வெளியிடுவதில் என்ன தடை என்று கேட்டேன். அவளிடம் பதில் இல்லை. தன் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்தை அதற்கென்று மாற்றப் போகிறாளாம். வழிகாட்டி ஒப்ப வேண்டும்.

உங்களிடம் கேட்பது சிறியதுதான். இத்தனை லட்சம் பேர் பயனடைந்தார்கள் என்று அடுத்த தடவை யாராவது எண் கொடுத்தால், தொடங்கியவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் செய்தியாளர் கேட்கட்டும். பதில் வந்தால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். வரவில்லை என்றால், கேட்டோம், தரவில்லை என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியை