அலமாரிக்குப் பைன் பலகை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. புத்தக அலமாரியை நீயே செய்யப்போகிறாய் என்றதில் ரொம்ப சந்தோஷம். ரேடியாட்டா பைன் சரிவருமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக. ஆனால் பலகையை நீயே பார்த்துப் பொறுக்கு.

கலிஃபோர்னியாக் கடலோரத்து மரம் இது. நியூசிலாந்தில் நட்டு வளர்த்த காடுகளில் பெரும்பகுதி இதுதான். 25, 30 ஆண்டுகளில் வெட்டிவிடுகிறார்கள். இப்படி இளசாக வெட்டுவதால் தண்டின் நடுப்பகுதி மரமும் நிறைய வருகிறது. அங்கே, முதல் பத்து ஆண்டு வளையங்களுக்குள், நார் சுருண்டு ஓடும். அந்தப் பகுதிப் பலகை காயக் காய முறுக்கும், பிறகு நிமிர்த்தவே முடியாது. முனையைத் திருப்பிப் பார்: சின்ன வட்டங்கள் முழுதாகத் தெரிந்தால் எடுக்காமல் திரும்ப வைத்துவிடு, வளையங்கள் நெருக்கமாக, விரிந்த வில்லாக இருந்தால் எடு.

ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். 20 செ.மீ. அகலப் பலகை 4 சதவீத ஈரம் இழந்தால் ஏறக்குறைய 2 மி.மீ. சுருங்கும். அதனால் பின்பலகையைப் பசை போட்டு இறுக்காதே, சட்டத்தில் வெட்டிய காடியில் (பள்ளத்தில்) தளர்வாக நிற்கட்டும்.

கன மீட்டருக்கு 500 கிலோ அளவுதான் எடை; நகம் அழுத்தினாலே தடம் விழும். 18 மி.மீ. தட்டு என்றால் 75 செ.மீ. நீளத்தோடு நிறுத்து. அதற்கு மேல் போனால் புத்தகப் பாரத்தில் தொய்யும். முன்விளிம்பில் 4 செ.மீ. உயரப் பட்டி ஒட்டு. 4 மி.மீ. ஸ்குரூவுக்கு முதலில் 2.5 மி.மீ. துளை போடு, இல்லையென்றால் முனை பிளக்கும்.

இழைப்புளி நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். வளையத்தின் வெளிர்ப்பகுதி மென்மை, கருங்கோடு கெட்டி. மொண்ணை அலகு மென்மையானதை வெட்டாமல் நசுக்கிவிடும்; வார்னிஷ் ஈரம் பட்டதும் அது உப்பி, வழவழவென்றிருந்த பலகை வரிவரியாகிவிடும்.

சாயம்தான் பலரை ஏமாற்றுவது. வெளிர்ப்பகுதி நிறைய உறிஞ்சும், கருங்கோடு உறிஞ்சாது, திட்டுத்திட்டாக நிற்கும். மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை (அரக்குப் பூச்சை) நீர்க்கக் கரைத்து ஒரு கை பூசி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டுச் சாயம் போடு. பெயின்ட் அடிப்பதானால் முதலில் கணுக்களுக்கு மட்டும் அதே ஷெல்லாக்கைக் கெட்டியாக இரண்டு கை பூசு. விட்டுவிட்டால் பிசின் கசிந்து மஞ்சள் வட்டமாக மேலே வரும். என்னைக் கேட்டால் சாயமே வேண்டாம், அந்தத் தேன்நிறம் அவ்வளவு அழகு.

மிச்சப் பலகையை வெளியில், மண்ணில் ஊன்றாதே. மருந்தேற்றாத பைனைக் கரையானும் பூஞ்சையும் சீக்கிரம் முடித்துவிடும்.

பலகை எடுக்கும் முன் முனைகளைப் படமெடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்