அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி, சுப்பையா

பீடோங், கெடா
பிப்ரவரி கடைசி வாரம்

அன்புள்ள சுப்பையா,

நலமா? தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா? இங்கே எல்லாரும் நலம். மழையைப் பார்த்து ஐந்து வாரம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த ரப்பர் மரங்கள் மொத்தமும் இலையை உதிர்த்துவிட்டு நிற்கின்றன, விடியற்காலையில் கோழி சருகில் நடந்தாலே யாரோ வருகிற மாதிரி சத்தம் கேட்கிறது. ஜெராய் மலை மூன்று நாளாக மங்கலாகத்தான் தெரிகிறது. பெரிய மகள் பினாங்கிலிருந்து வந்திருந்தாள், குலிமுக்குப் போய் உங்களைப் பார்க்க நேரமில்லையே என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனாள்.

போன மாதம் நம் தமிழ்ப்பள்ளியில் நீ பேசியதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மாலை போட்டு உன்னை உட்கார வைத்திருந்தார்கள், பிள்ளைகள் முன்னால் மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஐந்தாம் ஆண்டுப் பையன் முகம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? ஓசோனில் ஓட்டை விழுந்துவிட்டது, அந்த ஓட்டை வழியாக வெயில் நேராக இறங்குகிறது, அதனால்தான் உலகம் சூடாகிறது என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, கேமரன் மலையில் காய்கறிக்குப் போட்டிருக்கிற பிளாஸ்டிக் கொட்டகை மாதிரி புகை மேலே போய் மூடிக்கொண்டது, சூடு வெளியே போக வழியில்லை என்றாய். அப்போதுதான் அவன் எழுந்தான். "ஐயா, கூரையில் ஓட்டை இருந்தால் சூடு அது வழியாக வெளியே போய்விடாதா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு, பெரியவனானதும் படித்துத் தெரிந்துகொள் என்றாய். அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சுப்பையா, அவன் கேட்டது சரியான கேள்வி. ஓட்டையும் கூரையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பதை அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவன்தான் கண்டுபிடித்தான். ஏன் ஒத்துப்போகவில்லை என்றால் அவை இரண்டும் வேறு வேறு விஷயம். ஓசோன் மிக உயரத்தில் இருந்துகொண்டு சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது, தோல் புற்றுநோய்க்கும் கண்புரைக்கும் காரணமாகிற கதிர் அது. அண்டார்டிகாவுக்கு மேலே அந்தப் படலம் ஒவ்வொரு வருடமும் மெலிந்து போவதை பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் 1985இல் வெளியிட்டார்கள். பழைய குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருந்த வாயுதான் காரணம் என்று தெரிந்து, 1987இல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டு அந்த வாயுவைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்கள். உலக நாடுகள் உண்மையிலேயே கேட்டுக்கொண்டன, ஓட்டையும் மெல்ல ஆறிக்கொண்டு வருகிறது. அது ஆறி முடிந்தாலும் இந்தச் சூடு நிற்காது. உனக்கு மட்டும் இல்லை, எனக்கும் பல வருடம் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது, தொண்ணூறுகளில் பத்திரிகையில் இரண்டு செய்தியும் ஒரே பக்கத்தில் வந்துகொண்டிருந்தன.

அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் கொட்டகை. பசுமைக்குடில் விளைவு என்று பெயர் வைத்ததில் வந்த வினை இது. கொட்டகைக்குள் சூடாக இருப்பதற்கு முக்கியக் காரணம், சூடான காற்று மேலே எழும்பிப் போக முடியாமல் அடைபட்டுக் கிடப்பது. வானத்தில் அப்படி ஒரு தகடும் கிடையாது, காற்று எப்போதும்போல எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது. நடப்பது வேறு, அது உனக்கும் எனக்கும் சின்ன வயதிலேயே தெரியும்.

லயத்து வீட்டில் ஜனவரி மாத விடியற்காலை ஞாபகம் இருக்கிறதா? நாலரை மணிக்கு அம்மா பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, கிளம்பும்போது கதவைத் திறந்தால், வானத்தில் மேகமே இல்லாமல் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிற நாளில் குளிர் எலும்பில் ஏறும். மேகம் மூடிய இரவில் அதே வீட்டில் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்குவோம். இரண்டு இரவிலும் சூரியன் கிடையாது. பகலில் மண் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கதிராக மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மேகமும் நீராவியும் இருந்தால் அதை வாங்கி ஒரு பங்கைத் திரும்பக் கீழே அனுப்பும், வறண்ட தெளிந்த வானம் என்றால் நேராகப் போய்விடும். கரியமில வாயுவும் மீத்தேனும் செய்வது இதே வேலைதான், ஆனால் இரவு பகல் பார்க்காமல், மேகம் இல்லாத நாளிலும். இந்த வாயுக்கள் கம்பளிப் போர்வை மாதிரி. கம்பளிக்குச் சொந்தச் சூடு கிடையாது, நம் உடம்புச் சூட்டைப் போகவிடாமல் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பையனுக்கு இதைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டிருப்பான்.

இந்தக் கம்பளி கெட்டதும் இல்லை. அது இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி அளவில் இருந்திருக்கும், இப்போது சுமார் 15. கம்பளி இருப்பதால் வந்த கேடு இல்லை இது. இருக்கிற கம்பளியை நாம் தடிமனாக்கிக்கொண்டே போகிறோம், அதுதான் பிரச்சினை.

கூட்டம் முடிந்து ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கும்போது இன்னொன்று சொன்னாய். காற்றில் கரியமில வாயு 0.04 சதவிகிதம்தானாம், அந்தத் துளி என்ன செய்துவிடும் என்றாய். உனக்கு அதை அனுப்பியவர் யாரென்று தெரியாது, ஆனால் ரப்பர் பாலை உறையவைக்கிற ஸ்டோருக்குள் கால் வைத்தவன் யாரும் இதை நம்பக் கூடாது. உன் அப்பா ஸ்டோரில்தானே இருந்தார். தொட்டி நிறையப் பால் ஊற்றி, தண்ணீர் சேர்த்து, ஒரு சின்ன மங்கில், அதாவது கிண்ணத்தில், கரைத்த ஆசிட்டை விட்டு அந்த நீளப் பலகையால் ஆற்றுவாரே, நுரையை வழித்துப் போட்டுவிட்டுத் தகடுகளைச் சொருகுவாரே, மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மொத்தமும் கெட்டித் தயிர் மாதிரி நிற்கும். அந்தத் தொட்டிப் பாலுக்கு முன்னால் ஆசிட் எவ்வளவு? அளவு சின்னது என்பதால் வேலை சின்னதாகிவிடாது. காற்றில் 99 சதவிகிதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். அவை இரண்டும் மண்ணிலிருந்து எழும் வெப்பக் கதிரைக் கண்டுகொள்வதே இல்லை, அப்படியே விட்டுவிடுகின்றன. அதனால்தான் மிச்சமிருக்கிற கொஞ்சத்துக்கு இத்தனை செல்வாக்கு. அந்தக் கொஞ்சமும் அப்படியே நிற்கவில்லை. ஆலைகள் வருவதற்கு முன் 10 லட்சம் மூலக்கூறுகளுக்கு 280 இருந்தது. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கீலிங் என்பவர் அளக்க ஆரம்பித்தபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. ஒன்றரை மடங்கு, சுப்பையா.

இது நேற்று யாரோ கிளப்பிவிட்ட கதை என்றும் சொல்கிறார்கள். கோலா கங்சாரில் 1877இல் ரப்பர் கன்று நட்டார்களே, அதற்கு 18 வருடம் முன்னாலேயே, 1859இல், டிண்டல் என்பவர் எந்த வாயு வெப்பக் கதிரை விழுங்குகிறது, எது விழுங்குவதில்லை என்று லண்டனில் அளந்துவிட்டார். அவருக்கும் மூன்று வருடம் முன்னால் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்கிற பெண்மணி, கண்ணாடிக் குழாயில் கரியமில வாயுவை அடைத்து வெயிலில் வைத்து, அது சாதாரணக் காற்றைவிட அதிகம் சூடாகிறது என்று எழுதினார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் ரப்பர்த் தோட்டம் போட்டார், அதே வருடம் சுவீடனில் அர்ஹீனியஸ் என்பவர், இந்த வாயு இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நம் தாத்தாக்கள் கப்பல் ஏறி வந்து இந்தத் தோட்டங்களில் பாலுக்காக மரப் பட்டையை வெட்டிய காலத்துக்கும் முந்திய அறிவு இது.

சூப்பிங் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதைத்தான் நீ மிகவும் நம்புகிறாய். பெர்லிஸில் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி 40.1 டிகிரி அடித்தது, நாட்டிலேயே அதுதான் உச்சம், இன்றுவரை யாரும் அதை முறியடிக்கவில்லை, அப்படியானால் சூடு எங்கே ஏறியது என்று கேட்டாய். கேள்வி நியாயமாகத்தான் தெரியும்.

நான் தோட்டத்து ஆபீசில் 25 வருடம் மழை அளந்தவன். காலை ஏழு மணிக்கு வாசலில் அந்தச் செம்புப் புனலைத் தூக்கி, உள்ளே இருக்கிற பாட்டிலை எடுத்து, அளவுக் கண்ணாடியில் ஊற்றி, குனிந்து கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், முதலில் அங்குலத்தில், பிறகு மில்லிமீட்டரில். மழை என்றால் அன்று மரம் வெட்ட முடியாது, பால் மங்குக்குப் போகாமல் பட்டையில் வழிந்துவிடும், அதனால் அந்த எண் எல்லாருக்கும் முக்கியம். ஒருநாள் ராத்திரியில் பாட்டில் நிறைந்து வெளிக் குவளையிலும் வழிந்து கிடந்தது. அந்த வருடம் பெரிய மழை வருடம் என்று நான் நினைத்தேன். டிசம்பரில் கூட்டிப் பார்த்தால் அதற்கு முந்திய வருடத்தைவிடக் குறைவு. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, ஒரு பக்கத்தில் இருப்பது வானிலை, நோட்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால்தான் பருவநிலை. உலக வானிலை அமைப்பே 30 வருடச் சராசரியைத்தான் அளவுகோலாக வைக்கிறது.

சூப்பிங் 40.1 என்பது நோட்டில் ஒரு வரி. அந்த வருடம் கடுமையான எல் நினோ, கிழக்குப் பசிபிக் கடல் சூடேறி நமக்கு மழை போன காலம். உலகச் சராசரியிலும் 1998 அன்றைய உச்சம்தான். ஆனால் 2014இலிருந்து இதுவரை முடிந்த ஒவ்வொரு வருடமும், ஒன்றுகூடத் தவறாமல், 1998ஐவிடச் சூடு. 2024, ஆலைகளுக்கு முந்திய காலத்தைவிட ஒன்றரை டிகிரிக்கும் கொஞ்சம் கூடுதல். அதை எப்படிச் சும்மா விடுவது?

சூரியன்தான் அதிகமாக எரிகிறது என்று உன் மருமகன் சொன்னார் இல்லையா, அவரிடம் இதைச் சொல். 1970களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனை அளக்கின்றன, அதன் சக்தி ஏறவில்லை. இன்னொன்று, சூரியன் காரணமாக இருந்தால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். இங்கே கீழே சூடாகிறது, மேலடுக்கு குளிர்ந்துகொண்டிருக்கிறது. கம்பளிக்குள் இருப்பவனுக்குச் சூடு, கம்பளிக்கு வெளியே குளிர்.

எரிமலை பற்றி நீண்ட விவாதமே வேண்டாம். எல்லா எரிமலைகளும் சேர்ந்து ஒரு வருடத்தில் விடுவது நாம் விடுவதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. 1991இல் பிலிப்பைன்ஸில் பினாதுபோ வெடித்தபோது உலகம் ஒன்றிரண்டு வருடம் அரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்ததே தவிர சூடாகவில்லை, அதன் கந்தகத் துகள்கள் வெயிலை மறைத்துவிட்டன. நம் புகைமூட்டமும் இதே மாதிரிதான். 1997இலும் 2015இலும் சூரியன் காலையில் சிவப்பு முட்டை மாதிரி தெரிந்ததே, அந்தப் புகை வெயிலைக் குறைத்தது. நெஞ்சுக்குக் கேடு, அது வேறு. மழை பெய்ததும் புகை கழுவிப் போயிற்று, ஆனால் சதுப்புக்காடு எரிந்து வந்த கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் மேலேதான் இருக்கிறது, அதில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் தங்கும்.

மரம் விஷயத்தில் மட்டும் எனக்கு உன்னோடு கொஞ்சம் ஒத்துப்போகிறது. தோட்டத்தை அழித்து வீடமைப்பு வந்த பிறகு பீடோங் பகலில் தகிக்கிறது, நிழல் போனதால் வந்த சூடு அது, உண்மை. ஆனால் உலகத்தில் மனிதனால் வரும் கரியமில வாயுவில் பத்தில் ஒன்பது பங்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்ட் இவற்றிலிருந்து வருகிறது. நாம் பச்சையாக எண்ணெய் தரும் செம்பனை நட்டிருக்கிறோமே, அது சரிக்கட்டிவிடும் என்று பிள்ளைகளிடம் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. 25 வருடத்தில் அந்த மரத்தைச் சாய்க்கிறோம், அது மக்கியதும் வாயு திரும்பிப் போய்விடுகிறது. அந்த இடத்தில் முன்பு நின்ற காடு வைத்திருந்ததில் கொஞ்சத்தைத்தான் செம்பனை வைத்திருக்கும். அதில் சோறு தின்றவன் நான், அதனாலேயே இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

சரி, இதையெல்லாம் உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. நீ பேசினால் பிள்ளைகள் கேட்கிறார்கள், எனக்கு அந்த வாய் கிடையாது. தலைமையாசிரியை அம்மாவிடம் பேசிவிட்டேன், வியாழக்கிழமை பத்து மணிக்கு அரை மணி நேரம் தருகிறார். வா. அந்தப் பையனை முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன், அவன் கேள்வியிலிருந்தே நீ ஆரம்பி. ஆபீசை மூடியபோது மழை நோட்டுகளை நான் எடுத்துக்கொண்டேன், அளவுக் கண்ணாடியை நீ எடுத்துப் போனாய், உன் சாமி அறை அலமாரியில் பார்த்த ஞாபகம். துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வா. நோட்டுகள் என்னிடம் தயாராக இருக்கின்றன, இரண்டில் கரையான் அரித்திருக்கிறது, மற்றவை நன்றாகப் படிக்க வருகின்றன.

மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில்தான். கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
மாணிக்கம்