படைவீரர் வெளிநாட்டில், பிள்ளைகள் கிராமத்தில்: அலுவலகங்கள் கொஞ்சம் இறங்கி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 7 கொடி நாளுக்கும் குடியரசு தினத்துக்கும் எங்களைப் போன்ற ராணுவக் குடும்பங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் நல்லபடியாகவே எழுதுகிறீர்கள், நன்றி. மற்ற நாட்களில் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதும் ஒருமுறை வர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கணவர் இப்போது ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடானில் இருக்கிறார். எந்த ஊர், எந்தப் பிரிவு என்று எழுதக் கூடாது, அதனால் எழுதவில்லை. குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத பணி அது. நான் பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்தில் மூன்று பிள்ளைகளோடும் மாமியாரோடும் இருக்கிறேன். பெரியவள் பத்தாவது, அடுத்தவன் நாலாவது, கடைக்குட்டி அங்கன்வாடி போகிறான்.

"ராணுவ குவார்ட்டர்ஸ்ல இருந்திருக்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே இருந்தால் ஒத்தாசை அதிகம், அது உண்மைதான். பக்கத்து வீட்டிலும் அதே நிலைமை, 1966-லிருந்து இருக்கும் ராணுவ மனைவியர் நலச் சங்கம், நடந்து போகும் தூரத்தில் மருத்துவமனை. ஆனால் மாமியாருக்கு வயதாகிவிட்டது, நிலத்தையும் மாட்டையும் பார்க்க ஆள் வேண்டும், பெரியவளைப் பத்தாவது நடுவில் வேறு பள்ளிக்கு மாற்றவும் முடியாது. எங்கள் மாவட்டத்தில் பல குடும்பங்கள் இப்படித்தான் ஊரிலேயே தங்கிவிடுகின்றன. ஊரில் அன்பு இருக்கிறது, ஆனால் ராணுவ நடைமுறை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. பணியில் இருப்பவர் குடும்பத்துக்கு ராணுவ மருத்துவமனை என்றால் பெங்களூருக்குத்தான் ஓட வேண்டும், ராத்திரி ஒரு மணிக்குச் சின்னவனுக்குக் காய்ச்சல் ஏறினால் அதெல்லாம் நடக்கிற காரியமா? அந்த நேரத்தில் தூங்குகிற இரண்டு பிள்ளைகளை வயதான மாமியாரிடம் மட்டும் எப்படி விட்டுவிட்டுப் போவது என்பதுதான் முதல் கவலையே, வண்டி அப்புறம்தான்.

சாமான் தூக்குவதும் மாடு கறப்பதும் எனக்குப் பெரிய கஷ்டம் இல்லை. ஆளையே வதைப்பது கையெழுத்தும் ஓ.டி.பி.யும்தான். கேஸ் சிலிண்டர் வாங்கச் சொல்ல வேண்டிய எண், ஆதார் திருத்தத்துக்கு வரும் எண், வங்கி அனுப்பும் எண் எல்லாம் அவருடைய இந்தியக் கைபேசிக்குப் போகும், அந்த சிம் அங்கே வேலை செய்யாது. எங்களுக்கும் அவருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், நாங்கள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் அங்கே மாலை ஐந்தரை, அவர் பணியில் இருப்பார். வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்பப் போகும் படைவீரர்களின் மனைவிகள் இதைப் படித்தால் ஒரு வேலை செய்யுங்கள்: அவர் விமானம் ஏறும் முன்பே ரேஷன், கேஸ், மின்சாரம், பிள்ளைகளின் பள்ளி, ஆதார் எல்லாவற்றிலும் உங்கள் எண்ணைப் பதிந்துவிடுங்கள். நிலம் சம்பந்தமாக ஏதாவது இருந்தால் பவர் பத்திரத்தைப் பதிவு செய்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பில் வந்திருக்கும் சில நாளில் இதையெல்லாம் கேட்க மனசு வராது, ஆனாலும் கேளுங்கள்.

கையெழுத்து விஷயம் இன்னும் மோசம். பிள்ளைகளின் வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன், "அப்பா கையெழுத்து இல்லாம நடக்காதும்மா, அவர் வந்த பிறகு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வர எத்தனை மாதம் ஆகும் என்று சொன்னேன், காதில் வாங்கவில்லை. கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஒரு தாய் கையெழுத்துப் போட்டதை ரிசர்வ் வங்கி ஏற்காததால்தான் அந்த வழக்கே வந்தது. தந்தை வெளியூரில் இருப்பது போன்ற காரணங்களால் பிள்ளைகளின் காரியங்களைக் கவனிக்க முடியாத நிலையில் இருந்தால், தாயே இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம் என்று தீர்ப்பு. இத்தனை ஆண்டு கழித்தும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியவில்லை என்றால் அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன், மேலே இருப்பவர்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்க வேண்டாமா?

பணத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பிள்ளைகள் கல்விப்படி ஒரு பிள்ளைக்கு மாதம் ரூ.2,812.50 கணக்கில் வருகிறது, பள்ளித் தலைமையாசிரியர் சான்று கொடுத்தால் போதும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் மூத்த இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும்தான். சரி, அரசு விதி, அதற்கு மேல் நான் வாதாடவில்லை. பள்ளியில் போடும் காலை உணவை இங்கே மனதாரச் சொல்ல வேண்டும். நாலாவது படிக்கிறவன் அங்கேயே சாப்பிட்டுவிடுவதால் காலையில் எனக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது.

இப்போது பெரியவளைப் பற்றி. அப்பா இல்லாத வீட்டில் மூத்த பெண் தானாகவே இரண்டாவது அம்மா ஆகிவிடுகிறாள். நான் சொல்லாமலே தம்பிக்குத் தலை சீவுவாள், சின்னவனைத் தூங்க வைப்பாள், எல்லோரும் "எவ்வளவு பொறுப்பு" என்று மெச்சுகிறார்கள். எனக்கு அது பயமாகத்தான் இருக்கிறது, பத்தாவது பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளை அவள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசியில் இருந்தது எங்கள் தருமபுரி மாவட்டம். குழந்தைத் திருமணமும் இந்தப் பக்கத்தில் இன்னும் ஒழியவில்லை. "ஆம்பளை ஊரில் இல்லை, வயசுப் பொண்ணை வெச்சுக்கிட்டு எதுக்கும்மா, நல்ல இடமா வந்தா முடிச்சிடு" என்று உறவுக்காரர்களே வீட்டுக்கு வந்து சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அவள் அப்பா அந்நிய தேசத்தில் வெயிலில் நிற்பது இதற்காகவா? அவள் படிப்பாள், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. இப்படி யாராவது கட்டாயப்படுத்தினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடலாம் என்பதைப் பள்ளிகள் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்ல வேண்டும்.

அவர் இருக்கும் இடத்தைப் பற்றிய பயத்தை நான் பெரிதாக எழுதப் போவதில்லை. 2013-ல் தெற்கு சூடானில் நம் வீரர்கள் கொல்லப்பட்டது எனக்குத் தெரியும், பெரியவளுக்கும் தெரிந்துவிட்டது. உங்களிடம் ஒரு வேண்டுகோள்: அமைதிப்படை மீது தாக்குதல் என்று செய்தி வந்தால் எந்த நாட்டில், எந்தப் பகுதியில் என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். "ஆப்பிரிக்காவில் இந்திய வீரர்கள் மீது தாக்குதல்" என்று மட்டும் பார்த்தால் முழுச் செய்தியைப் படித்து முடிக்கும்வரை பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாது.

கடைசியாக மாவட்ட நிர்வாகத்துக்கு. ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான சிறப்புக் குறைதீர் கூட்டம் நடக்கிறது, பணியில் இருப்பவர்களின் குடும்பமும் மனு கொடுக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் வேலை நாளில், தருமபுரியில். அங்கன்வாடி முடிந்து சின்னவன் வீடு திரும்புவதற்குள் போய் வர என்னால் முடியாது, பென்னாகரத்துக்கு அந்தப்பக்க மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள், மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதேபோல முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்திலிருந்து ஒருவர் பாலக்கோடு, அரூர், பென்னாகரம் வட்டாட்சியர் அலுவலகங்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்தால் போதும். தாயின் கையெழுத்தை ஏற்க வேண்டும் என்ற சுற்றறிக்கை ஒன்றையும் பள்ளிகளுக்கும் இ-சேவை மையங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு முன்பே இந்தக் கடிதத்தை வெளியிட்டால் அதை வெட்டி மனுவோடு இணைத்து, அங்கே போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவேன்.

ஒரு படைவீரரின் மனைவி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)