எட்டு விழுந்துவிட்டது, கலாமணி

சிவகிரி,
20-7-2025

அன்புள்ள கலாமணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீங்களும் நலம் என்று மாலதி சொன்னாள். ஆடி ஒன்றுக்குத் தேங்காய் சுட்டோம். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் விடவில்லை. காற்று மட்டும் வீட்டைத் தூக்கிப் போட்டுவிடும்போல அடிக்கிறது. உங்கள் ஊர்க் காற்றாடிகள் இந்நேரம் என்ன சுற்றுச் சுற்றும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் ரம்யாவின் நிச்சயத்துக்கு வராததற்கு நான் சொன்ன காரணம் பொய். மஞ்சள் சீசன், மண்டிக் கணக்கு முடியவில்லை என்றேன். சீசன் உண்மைதான். ஆனால் அந்த வாரம் நான் மண்டிப் பக்கமே போகவில்லை. இடது மணிக்கட்டு உடைந்து, மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கட்டோடு வந்து நின்றால் எப்படி உடைந்தது என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வராது. அதனால் போனில் சொல்லி முடித்துவிட்டேன். நிச்சயத்தன்று எடுத்த போட்டோவில் உன் பக்கத்தில் நாத்தனார் நிற்கிறார்கள். அந்த இடம் என்னுடையது. ஐந்து மாதமாக அந்தப் போட்டோவைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு, உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தேன்.

ஸ்கேட்டிங் பழகும்போது விழுந்தேன் கலா. இரண்டு வருஷமாகப் பழகுகிறேன்.

எந்த ஸ்கேட்டிங் என்று உனக்கு நான் விளக்க வேண்டாம். ஹாஸ்டல் பீரோக் கதவில் தாரா லிபின்ஸ்கி படத்தை ஒட்டி வைத்திருந்தவள் நீ. 1998, நாகானோ ஒலிம்பிக்ஸ், ஐஸில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங். 15 வயசில் தங்க மெடல். நமக்கு அப்போது 19, செகண்ட் இயர். 'நம்மைவிட நாலு வயசு சின்னவ புள்ள' என்று ஒரு வாரம் புலம்பினாய். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது அந்தப் பனியில் கால் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாய். கல்யாணம் நிச்சயமாகி பீரோவைக் காலி செய்த அன்று, அந்தப் படத்தை நகத்தால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தாய். ஒரு மூலை மட்டும் பசையோடு கதவிலேயே நின்றுவிட்டது. அடுத்த வருஷம் முழுக்க அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு அந்த அறையில் இருந்தவள் நான்.

நான் மறைத்ததற்கு இதுதான் காரணம். ஆசை உன்னுடையது. அதை நான் எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்ட மாதிரி மனசில் ஒரு குறுகுறுப்பு. உன்னிடம் சொல்லாமல் ஆரம்பித்தேன், ஆரம்பித்தபின் சொல்ல முடியவில்லை, அப்புறம் கை உடைந்து பொய்யும் சேர்ந்துகொண்டது.

ஆரம்பித்தது இப்படி. தம்பி மகளை ஈரோட்டுக்கு சனிக்கிழமை கிளாஸுக்குக் கூட்டிப்போவேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையாகச் சக்கரம் வைத்த ஷூவில் வேகமாகச் சுற்றுவார்கள். ஒரு நாள் கோச்சின் பையில் நாலு சக்கர ஷூ ஒன்று கிடந்தது, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இது எதற்கு என்று கேட்டேன். ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங், ஐஸில் ஆடுவதை இதில் தரையில் ஆடுவார்கள் என்றார். எனக்குக் கற்றுத் தருவீர்களா என்றேன். எந்தக் குழந்தைக்கு என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

அங்கே சேர்க்கவில்லை. பெரியவர்களுக்கு அனுமதி இல்லை, விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. சொன்ன விதம்தான் இன்னும் ஆறவில்லை. இந்த வயசில் எதுக்குங்க இதெல்லாம், வாக்கிங் போங்களேன் என்றார்கள். 44 வயசுக்காரி ஒரு வித்தை கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அது உடம்பு இளைக்கத்தான் இருக்க வேண்டுமா? நடந்தால் உடம்புக்கு நல்லது என்பது எனக்கும் தெரியும். நான் கேட்டது வேறு.

கடைசியில் கோவையில் ஒரு பெண் கிடைத்தாள். 26 வயசு, நேஷனல்ஸ் ஆடினவள். மாதம் இரண்டு ஞாயிறு விடிகாலை பஸ் பிடித்துப் போகிறேன். மற்ற நாளெல்லாம் எங்கள் களத்தில்தான். மஞ்சள் காயப்போடும் அதே களம். தையிலிருந்து சித்திரை வரைக்கும் மஞ்சளுக்கு, மிச்ச மாதங்கள் எனக்கு. (மாசியில் களம் முழுக்க மஞ்சள் கிடந்ததால்தான் வெளியே ஒரு சிமெண்டுத் தரையில் போய்ப் பழகி விழுந்தேன். தரையில் குறையில்லை. அடிபடாமல் இருக்க மணிக்கட்டுக்குப் போடும் கார்டு பையிலேயே இருந்தது. பின்னால் சாயும்போது கையை ஊன்றிவிட்டேன்.) விடியற்காலையில் தென்னஞ் சீமாறால் கூட்டி, ஈரச் சாக்கால் துடைத்து, குனிந்து பார்த்தபடி ஒரு நடை நடப்பேன். நெல்மணி அளவு கல் ஒன்று சக்கரத்துக்கு முன்னால் வந்தாலும் போதும், ஷூ நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உனக்கு எட்டு தெரியும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் மூன்று தடவை எட்டுப் போட்டு மூன்று தடவையும் காலை ஊன்றினவள் நீ. நாலாவது தடவை அந்த பிரேக் இன்ஸ்பெக்டரே பாவம் பார்த்து லைசென்ஸ் கொடுத்தார் என்று சுமதி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இந்த விளையாட்டுக்கும் அடிப்படை அந்த எட்டுதான். ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பேரே அதனால் வந்தது. பனியில் காலால் உருவம் வரைவது. ஒரு காலத்தில் போட்டியில் அதற்குத்தான் பெரிய மதிப்பெண். நடுவர்கள் குனிந்து பனியில் விழுந்த கோட்டைப் பார்த்து மார்க் போடுவார்கள். 1990-க்குப் பிறகு உலகப் போட்டியிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் சக்கர ஸ்கேட்டிங்கில் இன்னும் இருக்கிறது. தரையில் 6 மீட்டர் குறுக்களவில் வட்டம் போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே போக வேண்டும்.

எங்கள் களத்தில் வட்டம் போட்ட நாளை நீ பார்த்திருக்க வேண்டும். இவர் நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து கயிற்று நுனியைப் பெருவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்று மீட்டர் கயிற்றின் மறுமுனையில் செங்கல் துண்டைக் கட்டி நான் குனிந்தபடியே சுற்றி வந்தேன். அதை ஒட்டி இன்னொரு வட்டம். மறுநாள் அதன்மேல் வெள்ளை பெயிண்ட் அடித்தோம். 'இதென்ன கோலம், புள்ளியே இல்லை' என்று கேட்டுவிட்டுப் போனார் மாமியார்.

இரண்டு வட்டமும் தொடும் இடத்தில் நிற்க வேண்டும். இடது காலால் ஒரே ஒரு உந்து. அப்புறம் வலது கால் மட்டும்தான் தரையில். வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 19 மீட்டர். அந்த ஒரு உந்திலேயே முழுவதும் சுற்றி, கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்து, கால் மாற்றி, மறு வட்டத்தை இடது காலில் சுற்ற வேண்டும். அதுவும் வெளி விளிம்பில். அவுட்சைட் எட்ஜ் என்பார்கள்.

இந்த எட்ஜைத்தான் நான் இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐஸ் ஷூவின் கத்தி 4 மில்லிமீட்டர் அளவுதான் கனம் இருக்கும். அடிப்பக்கம் நடுவில் குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். அதனால் அதற்கு உள் விளிம்பு, வெளி விளிம்பு என்று இரண்டு. சக்கர ஷூவில் கத்தி கிடையாது. முன்னும் பின்னும் ஒவ்வொரு அச்சு, அச்சு உட்காரும் இடத்தில் ரப்பர். நாம் சாய்ந்தால் ரப்பர் ஒரு பக்கம் நசுங்கும், இரண்டு அச்சும் எதிரெதிராகத் திரும்பும், ஷூ தானாக வளைந்து போகும். வளைப்பது நம் வேலையே இல்லை. சாய்வது மட்டும்தான் நம் வேலை. வலது காலில் நின்று வலது பக்கம், சுண்டுவிரல் பக்கமாக, தலை முதல் கணுக்கால் வரை ஒரே கோடாகச் சாய வேண்டும். உடம்பு முழுவதும் காலுக்கு வெளியே தொங்குகிற மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது. பைக் வளைவில் சாயும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர் பயந்து நிமிர்வார் பார், அந்த மாதிரி உடம்பு நிமிர்ந்துகொள்ளும். நிமிர்ந்தால் இடுப்பு மடியும், வட்டம் உடையும். 'இடுப்பை ஒடிக்காதீங்கக்கா, சாயுங்கக்கா' என்று அந்தப் பெண் கத்திக்கொண்டே இருப்பாள். சாய்ந்துதான் இருக்கிறேன் என்று நினைப்பேன். வீடியோவைக் காட்டுவாள். ஒரு முருங்கைக் கிளை முறிந்து தொங்குகிற மாதிரி இடுப்பில் ஒரு மடிப்பு.

இதில் காற்று வேறு. பாதி வட்டத்துக்கு முதுகில் தள்ளும், மறு பாதியில் நெஞ்சில் வந்து மோதும். முக்கால் வட்டத்தில் வேகம் செத்துவிடும். அதனால் காற்று எழுவதற்கு முன்னால், ஐந்தரைக்கே இறங்கிவிடுகிறேன்.

முந்தாநாள், ஆடி முதல் வெள்ளி. கோயிலுக்குப் போவதற்குமுன் அரை மணி நேரம் என்று இறங்கினேன். ஐந்தாவது தடவையோ ஆறாவதோ. உந்தினேன். வலது காலில் எடை ஏறினதும் சுண்டுவிரல் ஓரம் தரையை உணர்ந்தது. நான்கு சக்கரத்தின் சத்தமும் ஒரே சீராக வந்தது. வழக்கமாக வட்டத்தின் பாதியில், பின்னால் இருக்கும் காலை முன்னால் கொண்டுவரும்போதுதான் எல்லாம் கெடும். அன்றைக்குக் கால் முட்டியை உரசிக்கொண்டு மெதுவாக முன்னால் போனது, தோள் அதோடு திரும்பியது, பயம் வரவே இல்லை. வெள்ளைக் கோடு என் காலுக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் வட்டம் தாண்டினபோது வேகம் குறைந்தது, ஆனால் நின்றுபோகவில்லை. நடுப்புள்ளிக்கு வந்தேன். கால் மாற்றினேன். இடது காலில், எனக்கு எப்போதும் வராத அந்தக் காலில், மறு வட்டமும் சுற்றி வந்து அதே புள்ளியில் நின்றேன்.

எட்டு விழுந்துவிட்டது கலா. களத்தில் யாருமே இல்லை. தென்னையில் ஒரு காகம். எனக்கு உடனே உன்னைக் கூப்பிட வேண்டும்போல இருந்தது. கூப்பிட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எட்டு வந்தால் அப்புறம் என்ன என்று கேட்பாய். திருப்பம் பழகலாம். பாதிச் சுற்று மட்டும் குதிக்கிற வால்ட்ஸ் ஜம்ப் பழகலாம், அது எனக்கு இப்போதுதான் தரையைவிட்டு எழும்புகிறது. அதையே இன்னும் ஒரு முழுச் சுற்று கூட்டினால் ஆக்ஸல். நார்வேக்காரர் ஆக்ஸல் பால்சன் 1882-ல் அதைக் காட்டியபோது காலில் போட்டிருந்தது வேகமாக ஓடுகிறவர்கள் போடும் ஷூ என்று படித்ததும் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. நான் ஆக்ஸல் போடுவேனா என்று தெரியாது. எட்டைச் சுத்தமாகப் போட இன்னும் ஒரு வருஷம் வேண்டும். அதுவே எனக்குப் போதுமான வேலை.

வயசைப் பற்றி நீ ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மார்ச்சில் மாண்ட்ரியலில் ஜோடிப் பிரிவில் உலகப் பட்டம் வாங்கின டியானா ஸ்டெல்லாட்டோ-டுடெக்குக்கு 40 வயசு. அடிபட்டு 17 வயசில் விட்டவர், 16 வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். அவர் சின்னதிலேயே பழகினவர், நம் கதை வேறு என்பாய். சரி. ஜெர்மனியில் ஓபர்ஸ்டார்ஃப் என்ற ஊரில் 2005-லிருந்து பெரியவர்களுக்கென்றே சர்வதேசப் போட்டி நடக்கிறது. 28 வயசுக்குக் கீழே இருந்தால் சேர்க்க மாட்டார்கள்! அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். சக்கர ஷூ மட்டமானது என்றும் நினைத்துவிடாதே. உன் லிபின்ஸ்கியே மூன்று வயசில் சக்கர ஷூவில்தான் ஆரம்பித்தார். நம் ஐதராபாத் அனூப் குமார் யாமா 2010 ஆசிய விளையாட்டில் இதில் இரண்டு வெண்கலம் வாங்கியிருக்கிறார்.

இப்போது நான் கேட்பது. ரம்யா கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நடும் அன்றே வந்துவிடுகிறேன், பந்தி முடிந்து பாத்திரக் கணக்குப் பார்க்கும்வரை அங்கேதான் இருப்பேன். அதெல்லாம் முடிந்து, புரட்டாசியில் நீ இங்கே வர வேண்டும். பத்து நாள். தையில் மஞ்சள் வருவதற்குள் நமக்கு நிறைய நாள் இருக்கிறது. அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆனால் அதற்கு முன் ஒன்று செய். இதில் விளையாட்டு இல்லை. உனக்குக் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் எலும்பு சீக்கிரம் மெலியும் என்று என் கைக்குக் கட்டுப்போட்ட டாக்டர் சொன்னார். டெக்சா என்று ஒரு ஸ்கேன் இருக்கிறது, எலும்பின் அடர்த்தியைக் காட்டும். எனக்கும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஷூ போட விட்டார். நீயும் எடுத்துக்கொண்டு உன் டாக்டரிடம் கேள். அவர் வேண்டாம் என்றால் நீ களத்து மேட்டில் உட்கார்ந்து எனக்கு இடுப்பு மடிகிறதா என்று பார்த்துச் சொல், அதற்காகவாவது வா. சரி என்றால் முதல் நாள் முழுக்க விழுவதற்கு மட்டும்தான் பழக்குவேன். முட்டியை மடக்கி, பக்கவாட்டில் தொடைமேல் விழ வேண்டும், கையைப் பின்னால் ஊன்றவே கூடாது. மணிக்கட்டு கார்டு இல்லாமல் உன்னைக் களத்தில் இறக்க மாட்டேன்.

ஷூ ஆர்டர் போட உன் கால் அளவு வேண்டும். செருப்பு நம்பரைச் சொல்லாதே, அது சரிப்படாது. சாயங்காலமாக, கால் சற்று வீங்கியிருக்கும்போது, வெள்ளைத் தாள்மேல் இரண்டு காலிலும் எடை போட்டு நில். ரம்யாவை பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரையச் சொல். குதிகாலிலிருந்து நீளமான விரல் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுது. இரண்டு காலையும் அளக்க வேண்டும், எல்லாருக்கும் ஒன்று கொஞ்சம் பெரிசாகத்தான் இருக்கும். அந்தத் தாளையே மடித்துத் தபாலில் அனுப்பிவிடு.

அன்புடன்,
வளர்மதி

பி.கு.: மாலதியிடம் இப்போது எதுவும் சொல்லாதே. நானே சொல்லிக்கொள்கிறேன்.