அட்டிக் காத்தோட்ட வேலை – திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். நம்ம மன்றக் கட்டிடத்தோட அட்டிக்ல, அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவுல இருக்கிற இடத்துல, ரெண்டு பக்க முக்கோணச் சுவர்லயும் வென்ட் (சாய்வா தகடு வச்ச காத்துத் திறப்பு) வைக்கிற வேலை நல்லபடியா முடிஞ்சிடுச்சு. பணம் குடுத்தவங்க, கூட நின்னு உழைச்சவங்க எல்லாருக்கும் என்ன செஞ்சோம், ஏன் செஞ்சோம்னு சொல்லிடறோம்.

பிரச்சனை உங்களுக்கே தெரியும். வெயில் காலத்துல அட்டிக் சூடு சீலிங் வழியா ஹாலுக்கு இறங்கும், குளிர் காலத்துல கீழ இருந்து ஏறுற ஈரக் காத்து கூரைப் பலகைல பட்டு முத்து முத்தா தண்ணி நிக்கும், ஆணி முனையெல்லாம் துரு, மூலைல கருப்பா பூஞ்சை. அதனால வென்ட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி சீலிங்ல இருந்த ஓட்டையெல்லாம் அடைச்சோம்: லைட் மாட்டின இடம், பைப் ஏறுற இடம், அட்டிக் கதவோட இடுக்கு. பாத்ரூம் எக்ஸாஸ்ட் குழாயும் அட்டிக் உள்ளயே ஈரத்த கொட்டிட்டு இருந்துச்சு, அதை வெளிய கொண்டு போயாச்சு. இதை செய்யாம எவ்வளவு பெரிய வென்ட் வச்சாலும் ஈரம் நிக்காது, அதுல கமிட்டி உறுதியா இருந்துச்சு.

அடுத்து அளவு. இதுலதான் ரொம்ப நேரம் பேசினோம், ஏன்னா வென்ட்டோட சட்டம் (ஃபிரேம்) எவ்வளவு பெருசுன்றது கணக்கே இல்ல, தகடு, வலை எல்லாம் மறைச்சது போக காத்து நிஜமா போற திறப்பு எவ்வளவுன்றதுதான் கணக்கு. அட்டிக் தரைல 150 சதுர அடிக்கு 1 சதுர அடி திறப்பு வேணும்னு பொது விதி. கீழ தாழ்வாரத்துலயும் (சுவரத் தாண்டி வெளிய நீட்டிட்டு இருக்கிற கூரை விளிம்போட அடிப்பக்கம்) மேலயும் சரிசமமா வென்ட் இருந்தா 300க்கு 1 போதும்னு சலுகை உண்டு, நமக்கு தாழ்வாரத்துல வென்ட்டே இல்லாததால 150 கணக்கையே எடுத்தோம். நம்ம அட்டிக் தரை 1200 சதுர அடிக்கு 8 சதுர அடி, அதாவது ஒரு சுவருக்கு 4. நாம எடுத்த மாடல்ல பாதி திறப்புதான் கிடைக்கும், அதனால சட்டம் 2 அடிக்கு 4 அடி வந்துச்சு. மரம் பாக்க அழகு, ஆனா அடிக்கடி பெயின்ட் அடிக்கணும், அதனால அலுமினியம்.

கரன்ட் ஃபேன் வைக்கலாம்னு சிலர் அக்கறையா கேட்டீங்க. அட்டிக்குக்குள்ள வெளிக்காத்து வர்ற வழி பத்தலன்னா அது ஹால்ல இருக்கிற ஏசி காத்தையே சீலிங் இடுக்கு வழியா இழுத்துடும், அதான் வேணாம்னு விட்டோம்.

மாட்டும்போது உச்சிக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட வச்சோம், சூடு அங்கதான் தேங்கும். நடுவுல வந்த, சுவர்ல செங்குத்தா நிக்கிற கட்டைய வெட்ட வேண்டியிருந்துச்சு, வெட்டின இடத்துல மேலயும் கீழயும் குறுக்குக் கட்டை குடுத்து பாரத்த பக்கத்து கட்டைகளுக்கு மாத்தியாச்சு. தகடெல்லாம் வெளிப்பக்கமா கீழ சாஞ்சிருக்கு. மேலயும் ரெண்டு பக்கமும் தகரம் மடிச்சு சொருகி சீலன்ட் அடிச்சாச்சு, அடிப்பக்கம் மட்டும் வேணும்னே அடிக்கல, சாரல் உள்ள புகுந்தா அந்த வழியா வடிஞ்சு வெளிய வந்துடணும். உள்பக்கம் கால் அங்குல கண் வலை இருக்கு, பறவை, அணில், வௌவால் உள்ள வராது.

முடிச்சதும் காத்து அடிக்கிற நேரத்துல ஊதுபத்தி புகைய ஒரு பக்க வென்ட்டுகிட்ட பிடிச்சு பாத்தோம், புகை படுத்துகிட்டே உள்ள போச்சு, எதிர்ப்பக்கத்துல வெளிய தள்ளிச்சு. காத்து கூரை முகட்டு வாக்குல அடிச்சா இது நல்லா வேலை செய்யும், காத்தே அசையாத நாள்ல கொஞ்சமாத்தான் செய்யும், ரெண்டு வென்ட்டும் ஒரே உயரத்துல இருக்கிறதால. அதையும் தெரிஞ்சுதான் எடுத்தோம்.

இனிமே பாத்துக்க வேண்டியது கொஞ்சம்தான். வலைல தூசி, குளவிக் கூடு இருக்கான்னு அப்பப்ப பாத்து துடைங்க, பெயின்ட் அடிக்க வர்றவங்ககிட்ட வலை மேல பிரஷ் படக்கூடாதுன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, அட்டிக்ல சாமான் வைக்கிறவங்க வென்ட்டுக்கு முன்னாடி பெட்டி அடுக்காதீங்க. குளிருதேன்னு யாரும் துணி வச்சு அடைச்சிடாதீங்க, ஈரம் வெளிய போகவேண்டிய சீசனே அதுதான்.